வெர்னாவின் வழிகாட்டி வண்டி

கிளாமத் ஆற்றை ஒட்டிப் போகும் தொண்ணூற்றாறாம் எண் மாநிலச் சாலையில் நான் தபால் வண்டி ஓட்டுகிறேன். ஆறு வளைகிற இடத்திலெல்லாம் சாலையும் வளையும். மலை விட்டுவைத்த இடம் அவ்வளவுதான். முதலில் அது இங்கத்திய பூர்வகுடிகளான காருக் மக்கள் நடந்த தடம். பிறகு தங்கம் தேடி வந்தவர்களின் கோவேறு கழுதைகள் போயின. அதற்கும் பிறகு கைதிகளைக் கூட்டி வந்து, கூடாரத்தில் தங்கவைத்து, பாறையை உடைத்துச் சாலை போட்டார்கள். லைல் ஹேடிக்கின் தாத்தா அந்தக் கைதிகளில் ஒருவர். விடுதலையான பிறகும் ஊர் திரும்பாமல், தான் வெட்டிய சாலையின் ஓரத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். பேரன் லைல் அதே சாலையில் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். அவன் மனைவிதான் வெர்னா.

காட்டுத்தீக்கு அடுத்த குளிர்காலத்தில், எரிந்த மலை மழையில் கரைந்து சாலைமேல் சரிந்தது. ஆற்றுப்பக்கம் ஒரே ஒரு வண்டி போகிற அகலம் மிஞ்சியது. இரு முனையிலும் வண்டிகளை நிறுத்திவைத்து, மாற்றி மாற்றி விட்டார்கள். 'என்னைப் பின்தொடரவும்' என்ற பலகையை முதுகில் மாட்டிய ஒரு பிக்கப் வண்டி முன்னால் போகும். மற்றவை அதன் பின்னால் ஊர்ந்து போகும். அந்தப் பிக்கப்பை ஓட்டுகிற வேலை வெர்னாவுக்குக் கிடைத்தது.

பிப்ரவரியில், பாறையை வெடிவைத்துத் தகர்க்கச் சாலையை முழுக்க மூடியிருந்த ஒரு நாள், லைலுக்கு நெஞ்சு வலித்தது. பள்ளி மைதானத்திலிருந்து ஹெலிகாப்டரில் வைரீக்கா நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சரிவில் நின்றுகொண்டிருந்த வெர்னா தலைக்கு மேல் அது போவதைப் பார்த்தாள். யாரோ, பாவம் என்று நினைத்தாளாம். சேதி தெரிந்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் வைரீக்காவிலிருந்து தபாலோடு வந்தேன். சரிவின் மேல்முனையில் வண்டி வரிசை நின்றிருந்தது. எனக்கு முன்னால் ஒரு கறுப்பு வேன். வண்டிகளை நிறுத்தக் கொடி பிடித்து நின்ற நீட்டா என் ஜன்னலோரம் வந்தாள். வழக்கமாக, "என்ன தபால்காரி, இன்னிக்கும் லேட்டா? ஆறு உனக்கு முன்னாடி கடலுக்குப் போயிடும் போல" என்று வாயாடுகிறவள், அன்று குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னாடி நிக்கிற வேன்ல லைல் இருக்கான்."

"வெர்னா எங்க?"

"எங்கயா? வண்டி ஓட்டிட்டிருக்கா. வேண்டாம், வீட்டுக்குப் போடின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். வீட்ல உக்காந்து என்ன பண்ணச் சொல்றேங்கிறா. ஃபிரிட்ஜ் நிறைய ஊர்க்காரங்க கொண்டாந்த சாப்பாடாம், பால் வைக்கக்கூட இடமில்லையாம்."

எதிர்வரிசையை இழுத்துக்கொண்டு வெர்னா வந்தாள். வண்டியைத் திருப்பி வேனுக்கு முன்னால் நிறுத்தினாள். நீட்டா அவளிடம் ஓடினாள். நானும் இறங்கிப் போனேன்.

"நீ வேன்ல ஏறிக்கடி. இந்த ஒரு தடவை நான் ஓட்டுறேன்" என்றாள் நீட்டா.

"அப்புறம் கொடியை யாரு பிடிப்பா? போ, வேலையைப் பாரு."

அதற்குள் வேன்காரன் இறங்கி வந்தான். இறுதிச்சடங்கு நிறுவனத்துக்கு மெட்ஃபோர்டிலிருந்து புதிதாக வந்த இளைஞன், பெயர் பிரெஸ்காட். வெர்னாவின் முகம் அவனுக்குத் தெரியாது. நீட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெர்னா அவளை ஒரு பார்வை பார்த்தாள். நீட்டா தன் இடத்துக்குத் திரும்பினாள்.

"மேடம், இன்னும் எவ்வளவு நேரமாகும்? தேவாலயத்துல காத்துட்டிருப்பாங்க. ஹேடிக்னு ஒருத்தரோட உடலைத்தான் கொண்டு போறேன். உங்களுக்குப் பழக்கமா?"

"பழக்கந்தான். பாலம் தாண்டினதும் இடது பக்கம் திரும்புங்க. தேவாலயத்துக்கு முன்வழியா போகாதீங்க, சேறு. பின்னாடி சரளை போட்டிருக்கு."

"அவர் மனைவியைத் தெரியுமா? எப்படி இருக்காங்களாம்?"

வெர்னா கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

"வேலைக்குப் போயிருக்கா."

"இன்னைக்கா?" என்றான். பிறகு, "ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி" என்று முணுமுணுத்துவிட்டு வேனில் ஏறினான்.

நாங்கள் புறப்பட்டோம். வெர்னா, பின்னால் வேன், அதன் பின்னால் நான். ஒரு பக்கம் ஈர மண்சுவர். மறுபக்கம் பழுப்பாக ஆறு. பாதி வழியில் சில கற்கள் உருண்டு வந்தன. மண்வாரி இயந்திரம் அவற்றைத் தள்ளும்வரை எல்லோரும் நின்றோம். வெர்னா இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கீழ்முனை வந்ததும் ஓரம் ஒதுங்கி, கையை ஆட்டி வேனைப் போகச் சொன்னாள். என்னையும் அப்படியே போகச் சொன்னாள். பிறகு வண்டியைத் திருப்பி, காத்திருந்த அடுத்த வரிசையின் முன்னால் போய் நின்றாள்.

மறுநாள் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் பிரெஸ்காட்டின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாம் முடிந்தபின் அவளிடம் வந்தான்.

"மன்னிச்சுடுங்க மேடம். எனக்குத் தெரியாம..."

"தெரிஞ்சிருந்தா மட்டும் வேகமாவா போயிருக்க முடியும்? பரவால்லப்பா. போய் ஏதாச்சும் சாப்பிடு, நிறைய இருக்கு."

வசந்தத்தில் சாலை முழுதாகத் திறந்தது. டிரினிட்டி ஆற்றுச் சாலையில் இன்னொரு சரிவு. வெர்னாவை அங்கே கூப்பிட்டார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் அவள் வீட்டுத் தபால்பெட்டி அருகே பார்த்தேன்.

"அன்னிக்குக் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் ஓட்டினேன்" என்றாள், நான் கேட்காமலேயே. "வேனோட மூக்குதான் தெரிஞ்சுது. சேறு அப்பியிருந்துது. எனக்கு ஒண்ணுமே தோணல. பின்னாடி வர்றாங்களா, இடைவெளி சரியா இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன். அது தப்பா?"

"தப்பில்ல, வெர்னா" என்றேன்.

லைல் பெயருக்கு லாரி டயர் விளம்பரம் ஒன்று வந்திருந்தது. அதை என்ன செய்ய என்று கேட்டேன்.

"அவன் பேருக்கு எது வந்தாலும் பெட்டியில போட்டுட்டுப் போ" என்றாள். பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குள் போனாள்.