பாலனுக்கு ஒரு கிரீடம்

சந்திரவதனாவின் இடது கைக்கு ஒரு வேலை, வலது கைக்கு மூன்று. பெல்ற்றில் வரும் காகிதக் குழலை இடது கை பிடித்து நிறுத்தும். வலது கை, மடித்த காகிதக் கிரீடம் ஒன்று, சிரிக்கப் பகிடி எழுதிய துண்டு ஒன்று, பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான் ஒன்று என மூன்றையும் உள்ளே தள்ளும். யேசு பிறந்த நாளான நத்தார் விருந்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க, குழல் பட்டென்று வெடித்துப் பிரியும். உள்ளே இருக்கும் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த நாட்டுச் சனம் சாப்பிடும். நிமிடத்துக்குப் பதினெட்டுக் குழல்.

கனடாவில், ஸ்காபரோவில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு அவள் ஏஜென்சி மூலம் வந்து மூன்றாவது வருடம். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் முதல் கிழமையோடு நிறுத்திவிடுவார்கள். இந்த முறை ஜனவரியிலிருந்து மூன்று பேரை நிரந்தரமாக்கப் போவதாகச் சுப்பவைசர் சொல்லியிருந்தாள். ஒரு நாளும் லீவு எடுக்காதவள் என்று சந்திரவதனாவின் பெயர் முதலாவதாக இருந்தது. நிரந்தரமானால் வேலைக் கடிதம் கிடைக்கும். கடிதம் கிடைத்தால் நிலாணியை இங்கே கூப்பிடலாம்.

நிலாணி அக்காவின் மகள். பதினாலு வயது. மே மாதம் ஊரில் சண்டை முடிந்த கிழமையில் தாயும் தகப்பனும் பதுங்கியிருந்த ஒரே பங்கரில் செத்துப்போய்விட்டார்கள். அகதி முகாமிலிருந்து வெளியே வந்து இப்போது வவுனியாவில் மடத்துச் சிஸ்டர்மாரோடு இருக்கிறாள். அவளுக்கான விண்ணப்பம் சந்திரவதனாவின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. வேலை பற்றிய பக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பியாகிவிட்டது.

"சின்னம்மா, பாலனுக்கு இந்த முறை ஆர் முடி வைக்கிறது?" என்று போன ஞாயிற்றுக்கிழமை நிலாணி போனில் கேட்டாள்.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. பாலன் குடிலில் குழந்தை யேசுவைக் கிடத்தியதும், வீட்டிலுள்ள பொம்பிளைப் பிள்ளை தன் கையால் செய்த கிரீடத்தை வைக்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து நிலாணிதான் வைத்தவள்.

"நான் வைக்கிறன். நீ வாற வருசம் இஞ்சை வந்து வை" என்றாள் சந்திரவதனா.

இடைவேளையில் இதைக் கூட வேலை செய்யும் சைவக்காரி யோகமலரிடம் சொன்னபோது அவள் சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி சிரித்தாள்.

"உங்கட கோயிலிலை இந்த முறை லைற்றும் இல்லை, கேக்கும் இல்லை எண்டினம். ராசாவுக்கு மட்டும் முடியோ?"

"இவ்வளவு சனம் செத்த வருசத்திலை கொண்டாட்டம் வேண்டாம் எண்டு பங்குச் சபையிலை முடிவெடுத்தவை, அக்கா. ஆனா பிறக்கிறவர் பிறக்கத்தானே வேணும்."

"ராசா எண்டால் அரண்மனையிலையெல்லே பிறக்க வேணும். உம்மட ஆள் மாட்டுக் கொட்டிலிலை."

"அதாலைதான் அவர் எங்கட ராசா. போன கிழமை கிறிஸ்து அரசர் திருநாள். பங்குச் சுவாமி பிரசங்கத்திலை சொன்னவர், வாழ்நாளிலை அவருக்கு ஆக்கள் வச்ச முடி ஒண்டே ஒண்டுதானாம். அதுவும் முள்ளு முடி."

யோகமலர் தன் பொரித்த கத்தரிக்காயில் பாதியைச் சந்திரவதனாவின் பெட்டி மூடியில் வைத்தாள்.

பின்னேரம் கழிவுப் பெட்டி நிரம்பியிருந்தது. மெஷின் பிழையாக வெட்டிய பொன்னிறக் கிரீடங்கள். சந்திரவதனா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மற்றப் பக்கத்தை வெட்டி ஒட்டினால் பாலனின் தலைக்குச் சரியாக வரும். லைன் லீடர் குலசிங்கம் அந்தப் பதவிக்குரிய செம்மஞ்சள் மேலங்கியோடு அந்தப் பக்கம் வந்தார்.

"அண்ணை, இதிலை ஒண்டு எடுக்கட்டோ? பாலனுக்கு."

"குப்பையிலை போற சாமான்தானே. எடும் பிள்ளை."

"சுப்பவைசரிட்டைக் கேக்கத் தேவையில்லையோ?"

"நான் சொல்லுறன், எடும்."

அண்ணை சொன்னால் போதும். அந்த லைனில் ஆள் மாறி நிற்பதும், மருந்து எடுக்கப் போவதும், ஐந்து நிமிடம் பிந்தி வருவதும் அவருடைய ஒரு சொல்லில்தான் நடந்தன. அவள் கிரீடத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வாசலில் காவலாளி பையைத் திறந்தார். கிரீடத்தை மேசையில் வைத்து, அவளுடைய பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார்கள். சுப்பவைசரின் மேசையில் அந்தக் கிழிந்த கிரீடம் பிளாஸ்ரிக் உறை ஒன்றுக்குள் இருந்தது. சந்திரவதனாவுக்கு ஆங்கிலம் போதாது என்று மொழிபெயர்க்கக் குலசிங்கத்தையே அழைத்திருந்தார்கள்.

சுப்பவைசர் கேட்டாள். குலசிங்கம் நிலத்தைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"கொம்பனிச் சாமானை ஏன் எடுத்தனீர் எண்டு கேக்கிறா."

"குப்பை எண்டு நினைச்சுத்தான் எடுத்தனான். களவெடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை."

அவர் சொன்னார். சுப்பவைசர் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"ஆர் எடுக்கச் சொன்னது எண்டு கேக்கிறா."

குலசிங்கத்துக்கு மூன்று பிள்ளைகள். போன வருடம்தான் பிக்கரிங்கில் வீடு வாங்கினார். அவருடைய பெருவிரல் மேலங்கியின் சிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. சந்திரவதனா அந்த விரலைப் பார்த்தாள்.

"அதை விடுங்கோ அண்ணை. எடுத்தது நான்தான் எண்டு சொல்லுங்கோ."

குலசிங்கம் சுப்பவைசரின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார். அவள் சொன்ன அந்த ஒரு வசனத்துக்கு அது மிக நீளமாக இருந்தது. நடுவில் அவர் தன் நெஞ்சில் கையை வைத்து ஏதோ சொன்னார். சுப்பவைசர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?"

"நடந்ததைச் சொன்னனான்."

சுப்பவைசர் எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினாள். களவு என்று போடவில்லை. ஆனாலும் கழிவுச் சாமானும் வெளியே போகக் கூடாது, விதி விதிதான் என்றாள். ஜனவரிப் பட்டியலில் சந்திரவதனாவின் பெயர் இருக்காது. விதி தெரிந்தும் அனுமதி கொடுத்தவர் லைன் லீடராக இருக்க முடியாது. இரண்டையும் குலசிங்கமே மொழிபெயர்த்தார்.

மத்தியானம் செம்மஞ்சள் மேலங்கி வேறொருவரின் தோளில் இருந்தது. குலசிங்கம் சந்திரவதனாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று குழல்களுக்குப் பசை பூசினார். பழக்கம் விட்டுப்போனதால் கை பிந்தியது. நாலு குழலுக்கு ஒன்றை அவள் எட்டி எடுத்துப் பூசிவிட்டாள்.

"சமாளிப்பன் பிள்ளை. உம்மட லைனைப் பாரும்."

"பாக்கிறன் அண்ணை."

டிசம்பர் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசி நாள். பெல்ற்றை நிறுத்தி மேசைகளைப் போட்டு மத்தியானச் சாப்பாடு கொடுத்தார்கள். ஆளுக்கொரு குழல் இலவசம். எல்லோரும் இழுத்தார்கள், கூடம் முழுவதும் பட் பட்டென்று வெடித்தது. முதல் வெடிச் சத்தத்துக்குச் சந்திரவதனாவின் தோள் உதறியது. படம் எடுக்க எல்லோரும் கிரீடம் வைக்க வேண்டும் என்றார்கள். கையில் வைத்துக்கொண்டு நின்ற சந்திரவதனாவிடம் சுப்பவைசர் வந்து, அதை வாங்கி விரித்து, அவளுடைய தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டாள். கிழியாத, புதிய, பொன்னிறக் கிரீடம். "ஸ்மைல்" என்றாள்.

படம் எடுத்த பிறகு, குலசிங்கத்தைத் தவிர, நிரந்தர ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஏஜென்சி மூலம் வந்தவர்கள் கூடத்தைக் கூட்டிப் பெருக்கினார்கள். மேசையிலும் நிலத்திலும் கிடந்த கிரீடங்களைச் சந்திரவதனா கறுப்புப் பைகளுக்குள் அள்ளினாள். தன்னுடையதையும் கழற்றிப் போட்டாள். ஐந்து பைகள் நிறைந்தன.

வெளிக்கிடும்போது யோகமலர் ஒரு மருந்துக் குளிசைப் பெட்டியை அவளுடைய கையில் வைத்தாள். உள்ளே பஞ்சின்மேல் ஒரு சின்னக் கிரீடம். தேயிலைப் பக்கற்றின் பொன்தாளை வெட்டி, ஓரம் மடித்து, நூலால் தைத்திருந்தது.

"உங்கட பாலன்ரை தலை எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது. என்ரை பேரனுக்கு வைக்கிற மாதிரி நினைச்சுத் தச்சனான். பெருசெண்டால் சொல்லும்."

"அளவாயிருக்குமக்கா" என்றாள் சந்திரவதனா.

வாசலில் அதே காவலாளி. பையைத் திறந்தார். சோற்றுப் பெட்டி, பஸ் அட்டை, குளிசைப் பெட்டி. அதைத் திறந்து கிரீடத்தை இரண்டு விரலால் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். உட்பக்கத்தில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கிரீடத்தைப் பஞ்சின்மேல் நேராக வைத்து, மூடி, பையின் சிப்பையும் தானே இழுத்துவிட்டார்.

வெளியே பனி தூறத் தொடங்கியிருந்தது. பஸ் தரிப்பிடத்திலிருந்து பார்த்தபோது, குலசிங்கம் கறுப்புப் பைகளைக் கழிவுத் தொட்டிக்கு இழுத்துப் போவது தெரிந்தது. ஒரு பை கிழிந்தது. பொன்னிறக் கிரீடம் ஒன்று காற்றில் எழும்பிக் கார் நிறுத்தும் இடத்தில் உருண்டு ஓடியது. அவர் பைகளை விட்டுவிட்டு, சறுக்கும் தரையில் அதன் பின்னால் ஓடினார். குனிந்து பிடித்தார். நிமிர்ந்து, காவலாளி நிற்கும் வாசலையும் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நடந்து வந்து, அதைத் திரும்பவும் பைக்குள் போட்டுக் கட்டினார்.