மலைக்கு அந்தப்புறம் ஒரு தூக்குவாளி மூச்சு

அக்காவுக்கு மூச்சு தீர்ந்துபோயிருந்தது. மலைக்கு அந்தப்புறம் உள்ள ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வெளி மூச்சு ஒத்துக்கொள்ளவில்லை, பிறந்த ஊர் மூச்சுதான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். எங்கள் தெருவில் ஆளுக்கொரு மூச்சு ஊதிக் கொடுத்தார்கள். கேபிள்காரர் தாராளமாக இரண்டு ஊதினார். தூக்குவாளி நிறைந்ததும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு விமானத்துக்குப் போனேன்.

விமானம் ஸ்கூட்டரைவிடக் கொஞ்சம் பெரியது. ஓட்டுபவர் கேப்டன் செல்லக்கனி. அவருடன் பறந்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அதனால் அவர் பெயர் பேப்பரில் வந்ததே இல்லை.

முதலில் என்னைத் தராசில் ஏற்றினார். மேலே காற்று மெலிசு, அதிகம் தாங்காது என்றார். செருப்பு, சாவிக்கொத்து, சொந்தக்காரர்களின் போன் நம்பர்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன். கோபம் ஏதும் இருந்தால் அதையும் வைத்துவிடச் சொன்னார். இல்லை என்று சொல்லிவிட்டு மடியில் சொருகிக்கொண்டேன். அக்காவை அவ்வளவு தூரத்தில் கட்டிக்கொடுத்தவர்கள்மேல் இருந்த கோபம் அது. எனக்கு அது வேண்டியிருந்தது.

மலை உட்கார்ந்திருந்தது. நாங்கள் நெருங்கியதும் எழுந்து நின்றது.

கேப்டன் அதை நோக்கி நேராகப் போகவில்லை. சாய்வாகப் போனார். நேராகப் போனால் திரும்ப இடமிருக்காது. சாய்வாகப் போனால் வேண்டாம் என்று தோன்றிய கணமே ஒதுங்கிவிடலாம். மலை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அவர் ஒதுங்கினார். தோற்றுவிட்டோம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இல்லை.

அடுத்த முறை இன்னும் மேலே ஏறினார். வாளியின் மூடி பூரிபோல உப்பியது.

"தம்பி, சந்தோசமா இருக்கியளா?"

"ரொம்ப. இவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல."

அக்காகூட ஒரு சின்ன விஷயமாகத் தெரிந்தாள். ஒரு வாய் மூச்சு குடித்தால் என்ன என்று என் கை மூடிக்குப் போயிருந்தது.

"அப்போ காத்து பத்தல. காத்து கொறஞ்சா இப்படித்தான் சந்தோசம் பொங்கும். இறங்குதேன்."

இறங்க இறங்க என் சந்தோஷம் வடிந்தது. வெட்கமாக இருந்தது. அவருக்கும் அதே காற்றுதான், அதே சந்தோஷம்தான். ஆனால் வாளியை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் சந்தோஷத்தையே சந்தேகப்படுகிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. கும்பிடலாம்போல இருந்தது.

மறுபடியும் போனோம். மலை மறுபடியும் உயர்ந்தது. மறுபடியும் அவர் ஒதுங்கியபோது என் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அக்கா அங்கே காத்துக் கிடக்கிறாள், இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் எப்படி என்று கத்தினேன். கத்தியதில் மடியிலிருந்த கோபம் வெளியே விழுந்தது. தேங்காய் அளவு இருந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கேப்டன் அதைப் பார்த்தார்.

"வெயிட்டைச் சொல்லாம ஏத்தியிருக்கிய."

நான் குனிந்து அதைக் கையில் எடுத்தேன்.

"நான் திரும்புனா ஒங்க அக்காவுக்கு நேரந்தான் போவும். திரும்பாட்டி வாளியே போயிரும்."

ஜன்னலைத் திறந்து கோபத்தை வெளியே போட்டேன். அது சரிவில் உருண்டு போயிற்று. என்னவென்று பார்க்க மலை குனிந்தது. அதன் பிடரிக்கு மேலே சாய்வாகக் கடந்துவிட்டோம்.

அந்தப்பக்கம் காற்று மொத்தமாகக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. இதற்கென்றே கேப்டன் கொஞ்சம் உயரத்தை மிச்சம் பிடித்து வைத்திருந்தார். அதை எடுத்து நிதானமாகச் செலவழித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இறங்கினோம். நீளம் போதவில்லை. வராந்தா கொஞ்சம் நீண்டு கொடுத்தது.

நர்ஸ் வாளியைத் திறந்து அக்காவின் மூக்கருகே பிடித்தார். சிக்கனமாக இருக்க வேண்டும், வாயே திறக்கக் கூடாது என்றார். அக்கா தலையாட்டினாள். முதல் மூச்சை இழுத்தாள். வாசலில் நின்ற கேப்டனைப் பார்த்தாள்.

"அவங்க சாப்ட்டாங்களா?"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். இன்னும் இல்லை என்று கேப்டன் உள்ளதைச் சொன்னார்.

அக்கா அடுத்த மூச்சை இழுத்தாள். என் பக்கம் திரும்பினாள். கூட்டிவந்தவரைப் பட்டினி போட்டுவிட்டு மரம் மாதிரி நிற்கிறாயே, உனக்கெல்லாம் எப்போதுதான் புத்தி வரும் என்று ஆரம்பித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கும் நிறுத்தாமல் வெகுநேரம் திட்டினாள்.