உப்புப் போட்ட ஐஸ்

பெட்டியைத் திறந்த பரிசோதனைக்கூடத்து அக்கா குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். வேலையிடத்தில் கதிர்வீச்சு பட்ட வெல்டரின் இரத்தம் குழாய்க்குள் கல்லாக உறைந்து கிடந்தது. வெள்ளை அணுக்களை உயிரோடு வளர்த்து, அவற்றில் உடைந்த குரோமோசோம்களை எண்ணினால்தான் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்று தெரியும். உறைந்த அணு வளராது. ஐஸ் வைக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எடுத்துவந்த மனுஷனிடம் அதை ஒருத்தராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

எடுத்துவந்தவர் வெல்டரின் அண்ணன். ஐஸ்கிரீம் வண்டிக்காரர். ஏழு மணி நேரம் பஸ்ஸில் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

"கெட்டுடக் கூடாதுன்னு ஐஸ்ல உப்பு போட்டேன் மேடம். உப்பு போட்டா இன்னும் ஜில்லுனு இருக்கும். நம்ம தொழிலாச்சே."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னாள்.

"எடுக்கலாம்க்கா," என்றாள் நர்ஸ். "ஆனா இன்னைக்குக் காலையில வெள்ளை அணு அடியோட விழுந்துடுச்சு. வளர்க்க ஒண்ணும் மிஞ்சலையே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். உருகிய ஐஸ் நனைத்த பேண்ட்டோடு அண்ணன் எழுந்து நின்றார்.

"குளிர்ச்சி போதுமா இருந்துச்சா மேடம்?"

"போதும்ணே," என்றாள்.