எந்த வகை ஏமாற்று

என் மனைவி ஆங்கில-தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஒரு மாதமாக அங்கே ஏமாற்று பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு விளக்கம் எழுதுகிறார்கள்; வீட்டிலும் ஏமாற்றுக்காரர்கள் பேச்சுதான்.

"சீட் வேற, கான்மேன் வேற. சீட், ஆட்டத்துல விதிய மீறுறவன். கான்மேன் முதல்ல நம்பிக்கைய சம்பாதிப்பான், அப்புறம்தான் கைவரிசை. பென்சில் எவ்வளவு அழகா பிரிச்சார் தெரியுமா?"

பென்சில் அவளோடு வேலை செய்பவன். எப்போதும் காதில் பென்சில் செருகியிருப்பதால் அலுவலகமே அப்படித்தான் கூப்பிடுமாம். எனக்கு வயிறு எரிந்தது. நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேரில் கிரீஸும் அழுக்குமாகி வருகிறவனிடம், இன்னொருத்தன் அழகாகப் பிரித்த கதை எதற்கு?

அங்கே ஒரு வழக்கம். எழுதிய விளக்கம் புரிகிறதா என்று வெளியாட்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டுவார்கள். ஊழியர்களின் சொந்தக்காரர்கள் வரக்கூடாது. வந்தால் அந்த ஊழியரின் வேலைக்கே உலை. தெரிந்துதான், யாரோ வெளியாள் போலப் போனேன். அந்த மூஞ்சியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மேசைக்கு எதிரே பென்சில். நான் நினைத்ததைவிட இளமை, அதுவே கடுப்பு. பக்கத்தில் என் மனைவி. என்னைப் பார்த்தும் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"உக்காருங்க சார். தண்ணி வேணுமா?" என்றாள்.

இவ்வளவு சுலபமாக நடிக்கிறாளே, வீட்டில் எத்தனை நடித்தாளோ என்று இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பென்சில் படித்தான். "இம்போஸ்டர்: தான் யார் என்பதை மறைத்து, வேறு ஆளாக வந்து நிற்பவர். புரியுதா சார்?"

"நல்லாவே புரியுது."

"ட்ரிக், டிசீவ். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"ட்ரிக்னா கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சுக்கலாம். டிசீவ்ல அது முடியாது."

அவன் முகம் மலர்ந்தது. "இத சேத்துக்கலாமா மேடம்?" என்று அவளைக் கேட்டான். மேடமாம். அந்தக் குரலில் மரியாதையைத் தவிர எதுவும் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "சும்மா விளையாட்டுக்குத்தான் வந்தேன்," என்று இளித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க என்னையே பாத்துட்டு இருந்தீங்க. நீங்க போனதும், அந்த ஆள உங்களுக்குத் தெரியுமான்னு பென்சில் கேட்டார்."

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"பொய் சொன்ன மாதிரியே இல்ல எனக்கு."