ஆற்றுக்குப் போகாத அரக்கன்

...கயிற்றை மட்டும் விடக் கூடாது, யார் என்ன சொன்னாலும் விடக் கூடாது, ஆற்றுக்கு இன்னும் ஒரு வளைவுதான், முன்னால் மேளம், பின்னால் வசவு, கண்டாகர்ணன் அரக்கனைப் பொம்மையாகச் செய்து வருடா வருடம் இப்படித்தான் திட்டிக்கொண்டே இழுத்துப்போய் விஷ்ணுமதி ஆற்றில் தள்ளுகிறோம், தள்ளிவிட்டால் ஊருக்கு நோய் வராது, பேய் வீட்டுக்குள் வராமலிருக்க நானும் காலையில் வாசல்நிலையில் இரும்பு ஆணி அடித்துவிட்டுத்தான் வந்தேன்... ஆனால் எல்லா வருடமும் அவன் மூங்கிலும் நாணலும், இந்த வருடம் பாலித்தீன் பையும் பாட்டிலும். யார் யோசனை? என் யோசனைதான், வார்டு அலுவலக உதவியாளர் சுன்கேசரியின் யோசனை. பிளாஸ்டிக் ஒழிப்பு வாரத்துக்குப் புதிதாக ஏதாவது செய் என்றார் தலைவர் ஆசாகாஜி, அரக்கனையே பிளாஸ்டிக்கில் செய்வோம், ஜனங்கள் பார்த்துப் பயப்படட்டும் என்றேன், கைதட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் அவன் எங்கே போவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, பிறந்ததிலிருந்து இந்த விழாவைப் பார்க்கிற எனக்குமா? சந்தியில் நிறுத்தி அவனுக்கு மூக்கு ஒட்டும்போதுதான் பொறி தட்டியது, அதற்குள் மேளம் கிளம்பிவிட்டது.

துறை வந்துவிட்டது. கேமராக்காரர் தயாராக நிற்கிறார், தள்ளுகிற கணம் வேண்டுமாம். இரண்டு பாலம் தாண்டிக் கீழே எங்கள் முள்ளங்கி வயல்... போன வெள்ளம் வடிந்ததும் என் கணவர் ஒரு முள்ளங்கியைப் பிடுங்கினார், வேரைச் சுற்றிப் பால் பாக்கெட், அதை அப்படியே கொண்டுவந்து என் தட்டில் வைத்தார், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கரையிலிருந்த கல்தூணில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். முடிச்சின் மேலேயே உட்கார்ந்தேன்.

“தங்கச்சி, வெளிச்சம் போகுது, எந்திரி” என்றார் கேமராக்காரர்.

“எந்திரிக்க மாட்டேன் அண்ணே. இவன் ஆத்துல எறங்கக் கூடாது.”

“ஏண்டி, பிசாசைக் கட்டிக்கப் போறியா?” என்று பக்கத்து வீட்டு லானிமாயா கத்தினாள், கூட்டம் சிரித்தது, சிரிக்கட்டும், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆசாகாஜி குனிந்தார். “சரி, ஆத்துல வேணாம். எங்க வைக்கலாம்? நீயே சொல்லு.”

எங்கே... மழையில் குப்பைக் கிடங்குப் பாதை சரிந்ததிலிருந்து குப்பை லாரி வரவில்லை, அலுவலக முற்றம் கழுத்துவரை நிறைந்திருக்கிறது, பழைய சாமான்காரர் பாட்டிலை எடுப்பார், பையைத் தொடமாட்டார், எரித்தால் தெருவே இருமும். இவ்வளவு பெரிய ஊரில் இவனுக்கு ஆற்றைத் தவிர இடமே இல்லையா, இல்லாமல்தான் இத்தனை காலம் தள்ளிக்கொண்டிருந்தோமா?

“எங்க வீட்டுல வைக்கறேன்” என்றேன். மேளம் நின்றுவிட்டது. லானிமாயா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை வீட்டுப் பக்கம் திருப்பினேன், இழுத்தேன், கனத்தான், ஆனாலும் வந்தான்... நாலு எட்டு வைத்த பிறகுதான் காலையில் அடித்த ஆணி நினைவுக்கு வந்தது. அதை நான்தான் பிடுங்க வேண்டும்.