அத்தான் போட்ட வால்வு

டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடி வால்வு போட்ட பழைய மின்கருவிகளைப் பழுது பார்ப்பவர்கள் நடுவே அவருக்குத் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் ஒரு கருவி எப்படி இருந்ததோ, அப்படியே அதை ஆக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது. மீட்டர் முள் மயிரிழை விலகி நின்றாலும் மறுபடி பிரித்துப் போட்டுவிடுவார்.

ஒருநாள் அவருடைய அக்கா, காரில் ஓர் ஆசிலோஸ்கோப்பைக் கொண்டுவந்து இறக்கினாள். மின்னலைகளைப் பச்சைக் கோடாகத் திரையில் வரைந்து காட்டும் கருவி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். காலமாகிவிட்ட அத்தானுடையது.

"ஆன் பண்ணா புகை வருதுடா. சரி பண்ணிக் குடு. பொண்ணு ஊர்லேர்ந்து வர்றா, கேட்டுக்கிட்டே இருக்கா."

"புதுசு மாதிரியே தர்றேன் பாரு" என்றார்.

அக்கா பெண்ணான மருமகளுக்கு இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அத்தானோடு சண்டை ஒன்றும் இருந்ததில்லை, ஒட்டுதலும் இருந்ததில்லை. ஆபீஸ் வேலை முடிந்து வந்து பொழுதுபோக்காக சால்டரிங் கம்பியைப் பிடிக்கிற மனிதர் மேல் இவருக்கு ஓர் இளக்காரம். கல்யாணம் காட்சியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி.

மூடியைக் கழற்றியதும் தலையில் அடித்துக்கொண்டார். கண்டன்சர்கள் காய்ந்து வெடித்திருந்தது வயதுக் கோளாறு, போகட்டும். ஆனால் மூலையில் தகரத்தை வளைத்து ஒரு வால்வைக் கூடுதலாகப் பொருத்தி, ஈயத்தைக் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக அப்பியிருந்தார் அத்தான். முன்பலகையில் ஒரு துளை வேறு. திரைக்குழாயும் சரியான ரகமில்லை. அதற்கு மட்டும் தனியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது, கோடு போன பிறகும் அதன் ஒளி சட்டென்று மங்காமல் திரையில் தங்கியது.

"மனுஷன் குரங்கு கையில பூமாலை குடுத்த மாதிரி பண்ணியிருக்காரே" என்று முனகியபடி எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். துளையை அடைத்து, சாயம் பூசி, சரியான குழாயைத் தேடிப் போட்டார். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உயிர்கொடுத்தபோது, கோடு நூல் பிடித்தாற்போல ஓடியது. பழைய குழாய் வெடிக்காமலிருக்க அதன் முனையைக் கிள்ளி, உள்ளே காற்றை விட்டு, கழித்த சாமான்களோடு குப்பை வண்டியில் ஏற்றினார்.

அக்காவும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். கருவியைப் பார்த்ததும் முகம் மலர, முன்பலகையை விரலால் தடவினாள். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"மைக் சொருகுற ஓட்டை எங்க மாமா?"

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. அக்காதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இதை வெச்சுத்தாண்டா அவர் இவளுக்குப் பேசக் கத்துக்குடுத்தார். குரல் கோடா தெரியும்ல?"

இந்தப் பெண் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாளே, எப்படிக் கற்றாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் யோசித்ததில்லை. தான் அடைத்துச் சாயம் பூசிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"கேட்டிருக்கணும்க்கா."

"நீ வீட்டுப் பக்கம் வந்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்" என்றாள் அக்கா. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை போலிருந்தது.

அந்த வாரமே குரலைப் பெருக்கிக் காட்டக் கூடுதல் வால்வு வைத்து, மைக் பொருத்தி, அத்தானைவிடச் சுத்தமாகச் செய்து முடித்தார். மருமகள் வந்து "அம்மா" என்றாள். கோடு துள்ளியது, அடுத்த நொடி வெறும் திரை.

"இதுல நிக்க மாட்டேங்குது மாமா. அப்பா முதல்ல சொல்லுவாரு. அவரோட கோடு மறையறதுக்குள்ள நான் அது மேலயே என்னோடத வரையணும். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா கைதட்டுவாரு."

பட்டறையில் வேறு வேலை எதையும் தொடாமல், தெரிந்தவர்கள் காலையெல்லாம் பிடித்து, மெல்ல மங்கும் குழாய் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார். மறுபடி அவளை வரவழைத்தார். எதிரே உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, மைக்கில் "அம்மா" என்றார். கோடு திரையில் தங்கி நின்றது. அவள் அதன்மேல் தன் குரலை வரையவில்லை. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பாவோடதுல கடைசியில ஒரு நடுக்கம் இருக்கும் மாமா."

"எங்க?"

கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகினார். கோடு உயர்ந்தது, தாழ்ந்தது, அகன்றது. அது குமிழில் வருகிற நடுக்கம் இல்லை என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. திரும்பத் திரும்ப "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டே திருகினார்.

கடைசியில் மருமகள்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும் மாமா. நான் எடுத்துட்டுப் போறேன்."