தட்டினால் நகராதது

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை மேலே மடக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு கதை வைத்திருக்கிறேன். பாம்புக் கதைதான். பயமாக இருந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வெல்டர் ஒருவன் இருந்தான். எந்த இரும்பையும் ஒட்டவைத்துவிடுவான். தன் அக்காவையும் பெண்டாட்டியையும் ஒட்டவைக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை. பெண்டாட்டி தையல்காரி. வீட்டின் பின்னறைதான் அவளுக்குக் கடை. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத்துணி அடைத்த பெரிய சாக்கு. சாக்குக்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்து. பொந்தில் ஒரு சாரைப்பாம்பு.

ஆள் நீளம் இருக்கும். விஷமில்லாதது. எலியைத் தின்னும், மனுஷரை ஏறெடுத்தும் பார்க்காது. தையல்காரி அதற்கு வைத்த பெயர் ‘குடித்தனக்காரர்’. சாக்கில் கை விடுமுன் அளவுகோலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். சரசரவென்று ஓசை வரும். குடித்தனக்காரர் பொந்து வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அதன் பிறகு துண்டுத்துணியை எடுப்பாள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

கோடையில் வெல்டரின் அக்கா வந்தாள். வந்த அன்றே வாலைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு கட்டிலை விட்டு இறங்கவில்லை.

“தம்பி, இந்த வீட்ல நான் இருக்கணுமா, அது இருக்கணுமா? இப்பவே சொல்லிடு.”

“அது பாவம்க்கா, ஒண்ணும் பண்ணாது.”

“ஆமாடா, பாம்பு பாவம், கூடப்பொறந்தவ பாவமில்ல! நாளைக்கு உன் பொண்டாட்டி அதுக்குத் தொட்டில் கட்டி ஆட்டச் சொல்வா. ஆட்டுவியா?”

தையல்காரி தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போன நேரம் பார்த்து, அவன் பாம்பு பிடிப்பவரை வரவழைத்தான். சாரையைப் பையில் போட்டுக் கட்டியபடியே அவர், “இது போயிட்டா எலி ஏறும். எலி பின்னாடி எது வரும்னு சொல்ல முடியாதுங்க. அந்தப் பொந்தையாவது அடைச்சிருங்க,” என்றார்.

அடைத்தால் ஏன் அடைத்தாய் என்று பெண்டாட்டி கேட்பாளே! வெல்டர் அடைக்கவில்லை.

அக்கா ஊருக்குப் போனபின் தையல்காரி கேட்டாள், “நம்ம குடித்தனக்காரரக் காணோமே?”

“எங்க போயிடும்? மழை வந்தா அதுவா வரும்.”

வாய்கூசாமல் சொல்லிவிட்டான்.

மழை வந்தது. அதற்கு முன்பே எலி வந்திருந்தது. ஒரு மதியம் அவன் சோற்றில் கைவைத்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“உங்க வாய்க்குச் சர்க்கரதான் போடணும். வந்துட்டாரு!”

“யாரு?”

“குடித்தனக்காரரு! சாக்குக்குள்ளதான் இருக்காரு. ஆனா வயசாயிடுச்சு போல, தட்டினாலும் நகர மாட்டேங்குறாரு. குக்கர் மாதிரி உஸ்ஸுனு பெருமூச்சு வேற. உங்க அக்கா மேல இருக்கிற கோவம் இன்னும் தீரல போலிருக்கு.”

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். போன மழையில் பட்டறைக்குப் பின்னால் கேட்டிருக்கிறான். கண்ணாடிவிரியன். அன்று கடிபட்ட காவலாளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவேயில்லை.

சொன்னால் பொய் வெளியே வரும். ‘ஏன், இன்னொரு சாரையாக இருக்கக்கூடாதா?’ என்று மனசு சப்பைக்கட்டுக் கட்டியது. அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். அவளுக்கு நீலத்தில் ஒரு துண்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பின்னறையில் அளவுகோல் தட்டும் ஓசை. பிறகு அந்த உஸ்ஸ்.

“அட, கொஞ்சம் நகருங்க சாமி. எனக்கு வேலை கெடக்கு,” என்று அவள் செல்லமாகச் சொல்வது கேட்டது.

“கைய விடாத!” எச்சில் கையோடு ஓடினான்.

அவள் சாக்கின் வாயைப் பிரித்துக் குனிந்திருந்தாள். “எதுக்கு இப்படிக் கத்துறீங்க? நம்ம ஆளுதானே?”

“அது நம்ம ஆளு இல்லடி! நம்ம ஆள நான் புடிச்சுக் குடுத்துட்டேன். அக்கா இருந்தப்பவே.”

 சாக்கின் விளிம்பிலிருந்த கையை மெல்ல, மிக மெல்ல எடுத்தாள். அவள் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்தது.

பாம்பு பிடிப்பவர் மறுபடி வந்தார். கொக்கியில் விரியன் தடித்துத் தொங்கியது, முதுகெல்லாம் சங்கிலிக் கோலம். அதன் வயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“தோல் தளந்து கெடக்கு பாருங்க. குட்டி போட்டிருக்கு.”

“எத்தனை இருக்கும்?” என்றான் வெல்டர்.

“பத்தும் போடும், முப்பதும் போடும். பொறக்கும்போதே விஷம் உண்டு.”

சாக்கைக் கொட்டினார்கள். ஒன்றே ஒன்று கிடைத்தது, சுண்டுவிரல் கனத்தில். மற்றவை தோட்டத்துக்குப் போயினவா, வீட்டுக்குள் வந்தனவா, யார் கண்டது? பொந்தை அன்றே அடைத்தார்கள். வெளியே விட்டு அடைத்தோமா, உள்ளே வைத்து அடைத்தோமா என்று அவனுக்குத் தூக்கம் போனது.

தையல்காரி இன்றும் தைக்கிறாள். மிதிபலகையில் கால் வைக்குமுன் தட்டுகிறாள், தலையணையைத் தட்டுகிறாள். அவன் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல, உள்ள வா,” என்றால் வருவதில்லை. வாசற்படியில் நின்று, தானே இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டபிறகுதான் வருகிறாள்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும் கண்ணுகளா. அதில் கேட்கிற சத்தமெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சத்தமாகவே இருக்கட்டும். ‘ஒண்ணும் இல்லை’ என்று உங்கள் வீட்டில் யார் சொன்னாலும், அங்கே மெய்யாகவே ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும்.